1 லட்சம் கி.மீ தாண்டிய ஹைபிரிட் கார்: கடன் முடியும் முன்பே பேட்டரி வாரண்டி முடிந்தால் என்ன செய்வது? முழு விளக்கம்

பெட்ரோல் செலவைக் குறைக்க ஹைபிரிட் கார் வாங்கியவர்களில் பலருக்கு இப்போது ஒரு புதுக் கவலை. வண்டி 1 லட்சம் கி.மீ-ஐ நெருங்குகிறது. "பேட்டரி போயிடுமா? போனா எவ்ளோ ஆகும்? அதுக்குள்ள வித்துடலாமா?" என்ற கேள்விகள் வருகின்றன.

குறிப்பாக, தினமும் வேலைக்காக நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன்னா, வாரண்டி விஷயத்தில் இவர்களின் கணக்கு மற்றவர்களின் கணக்கைப் போல இல்லை. எப்படி என்று பார்ப்போம்.

8 வருஷ வாரண்டி உங்களுக்கு எத்தனை வருஷம்?

இந்தியாவில் விற்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ வாரண்டி தரப்படுகிறது. டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஹைபிரிட் ஆகியவை இந்த வகை. இரண்டில் எது முதலில் வருகிறதோ, அதோடு வாரண்டி முடிந்துவிடும். பலர் இந்த வரியைக் கவனிப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம், கோவையிலிருந்து திருப்பூர் என்று தினமும் போய் வருபவர் ஒரு நாளைக்கு சுமார் 120 கி.மீ ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் என்றால் 3,000 கி.மீ. வருஷத்துக்கு 36,000 கி.மீ. அப்படின்னா 1,60,000 கி.மீ வருவதற்கு 4 வருஷம் 5 மாதம்தான் ஆகும்.

அதே கார் 7 வருஷக் கடனில் வாங்கியது என்றால்? பேட்டரி வாரண்டி முடிந்த பிறகும் இரண்டரை வருஷத்துக்கு இ.எம்.ஐ கட்ட வேண்டியிருக்கும். அந்த இரண்டரை வருஷத்தில் பேட்டரிக்கு ஏதாவது ஆனால் செலவு முழுக்க உங்களுடையது.

இதைக் கேட்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே தயாராக இருக்க வேண்டும்.

கி.மீ அதிகமானால் பேட்டரி கட்டாயம் போய்விடுமா?

இல்லை. உலகின் முதல் பெரிய அளவிலான ஹைபிரிட் காரான டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் கார்களைச் சோதிக்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, 2 லட்சம் மைலுக்கு மேல், அதாவது 3.3 லட்சம் கி.மீ அளவுக்கு ஓடிய 2002 மாடல் பிரியஸ் ஒன்றை 2011-ல் சோதித்தது. அதில் இருந்தது பழைய பேட்டரிதான். பத்து வருஷம் முன்பு புது பிரியஸைச் சோதித்தபோது கிடைத்த அதே அளவு மைலேஜ், கிட்டத்தட்ட மாறாமல் இதிலும் கிடைத்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது. செல்போனை நாம் 100 சதவீதம் வரை ஏற்றி, 5 சதவீதம் வரை இறக்குகிறோம். ஹைபிரிட் கார் தன் பேட்டரியை அப்படி விடுவதில்லை. முழுதாக நிரம்பவும் விடாது, முழுதாகக் காலியாகவும் விடாது. நடுவில் உள்ள பகுதியில் மட்டும் ஏற்றி இறக்கும். அதனால்தான் பேட்டரி இத்தனை வருஷம் தாங்குகிறது.

சரி, அப்போ பேட்டரியை எது கெடுக்கிறது? முக்கியமாக வெப்பம். அதற்கு அடுத்து கவனக்குறைவு. அந்த பிரியஸ் ஓடியது அமெரிக்காவில். நம்மூர் சித்திரை வெயிலில் ஓடும் காருக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் உங்கள் கார் எந்த ஹைபிரிட்?

"ஸ்மார்ட் ஹைபிரிட்", "மைல்ட் ஹைபிரிட்" என்று சொல்லப்படும் கார்களில் இருப்பது சின்ன பேட்டரி. அது இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்ளோதான். மின்சாரத்தில் மட்டும் கார் நகராது.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பெரிய பேட்டரியும் மோட்டாரும் உண்டு. சிக்னலில் இன்ஜின் நின்றுவிடும், மெதுவாகப் போகும்போது மோட்டாரே காரை இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தி மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பும். வெளியே பிளக் மாட்டி சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை.

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற கார்கள் இரண்டு வகையிலும் விற்கப்படுகின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஆர்.சி-யையும் மாடல் பெயரையும் பார்த்து எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரை ஸ்ட்ராங் ஹைபிரிட் பற்றியது.

சீட் மேல் போட்ட துண்டு பேட்டரியைக் கெடுக்குமா?

கெடுக்கலாம். பல ஹைபிரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்க ஒரு சின்ன மின்விசிறி இருக்கும். அது காருக்குள் இருக்கும் காற்றையே இழுத்து பேட்டரி மேல் விடும். அந்தக் காற்று போகும் துவாரம் பின் சீட்டின் ஓரத்திலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். உங்கள் காரில் எங்கே இருக்கிறது என்று ஓனர் மேனுவலில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

அந்தத் துவாரத்தை மறைத்து துண்டு, பை, அரிசி மூட்டை என்று எதையும் வைக்காதீர்கள். அதன் மேல் தண்ணீரோ டீயோ கொட்ட விடாதீர்கள். துவாரத்தின் உள்ளே ஒரு வலை அல்லது ஃபில்டர் இருக்கும். தூசி, முடி, சீட் பஞ்சு எல்லாம் அதில்தான் அடைக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும், "ஹைபிரிட் பேட்டரி ஃபில்டரை சுத்தம் பண்ணுங்க" என்று சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். சொல்லாவிட்டால் விட்டுப் போகும் வேலைகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு விஷயம். பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஏசி போடாமல் கொதிக்கும் வெயிலில் ஓட்டுவது இந்த கார்களில் தப்புக் கணக்கு. பேட்டரி இழுப்பது கேபின் காற்றை. உள்ளே உங்களுக்கு வியர்த்தால், பேட்டரிக்கும் சூடான காற்றுதான் போகும். வெயிலில் நிறுத்திய காரை எடுக்கும்போது கதவு, கண்ணாடியைத் திறந்து சூட்டை வெளியே விட்டு, பிறகு ஏசி போட்டு ஓட்டுங்கள்.

சர்வீஸில் கேட்டு வாங்க வேண்டிய வேலைகள்

இன்ஜின் ஆயில்: ஹைபிரிட் இன்ஜின் அடிக்கடி நின்று நின்று ஓடும். "பாதி நேரம் இன்ஜினே ஓடலை, ஆயில் அப்புறம் மாத்திக்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். 10,000 கி.மீ-க்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருந்தால், மாதம் 3,000 கி.மீ ஓட்டுபவர் சுமார் மூன்றரை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கு உங்களுக்கு இல்லை. மேனுவலில் சொன்ன தடிமன் உள்ள ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். 1 லட்சம் தாண்டிய பிறகு மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்து அளவைப் பாருங்கள்.

கூலன்ட்: பல ஹைபிரிட்களில் இரண்டு கூலன்ட் தொட்டிகள் இருக்கும். ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கு. இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. அதன் பம்ப் நின்றாலோ கூலன்ட் குறைந்தாலோ இன்வெர்ட்டர் சூடாகும். அது விலை அதிகமான பாகம்.

பிரேக்: வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பேட் ரொம்ப நாள் வரும். அதுவே ஒரு சிக்கலும் கூட. அதிகம் வேலை செய்யாத டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் பின்கள் இறுகிவிடும். பேட் தேயவில்லை என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் போட வேண்டும். கடலோர ஊர்களில் இது இன்னும் முக்கியம்.

டயர்: வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன்பு காற்று பாருங்கள். காற்று குறைந்தால் மைலேஜும் குறையும், டயரும் ஓரம் தேயும். 10,000 கி.மீ-க்கு ஒருமுறை டயர் இடம் மாற்றி, அலைன்மென்ட் பாருங்கள். புது டயர் போடும்போது எந்த டயரோடு வண்டி வந்தது என்று பார்த்து, அதே ரகமாகப் போடுங்கள். விலை குறைந்த கனமான டயரால் லிட்டருக்கு கிடைக்கும் கி.மீ குறையலாம்.

ஏசி: இதை எல்லோரும் நினைவில் வையுங்கள். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் ஏசி கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி ரக ஆயில் ஊற்ற வேண்டும். சாதாரண காருக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் மின்கசிவு எச்சரிக்கை வந்து கம்ப்ரஸரே மாற்ற வேண்டியிருக்கலாம். தெரு முனை ஏசி கடையில் கேஸ் ஏற்றும் முன், "ஹைபிரிட் கார் ஆயில் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

12 வோல்ட் பேட்டரி: பெரிய பேட்டரி நன்றாக இருந்தும் வண்டி கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் இந்தச் சின்ன பேட்டரிதான் காரணம். காரின் கம்ப்யூட்டரை எழுப்புவதே இதுதான். இது இறங்கிவிட்டால் மீட்டரில் "ரெடி" என்று வராது. நம்மூர் வெயிலில் மூன்று வருஷம் ஆனதும் சோதிக்கத் தொடங்குங்கள். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ், மைனஸ் மாறினால் பெரிய செலவு வைக்கும்.

ஆரஞ்சு நிற வயர்: பானட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் வயர்கள் உயர் மின்னழுத்தம் பாயும் வயர்கள். உயிருக்கே ஆபத்து. பயிற்சி பெற்ற மெக்கானிக் தவிர யாரும் தொடக்கூடாது.

எப்படி ஓட்டினால் மைலேஜ் கிடைக்கும்?

நியூட்ரலில் விடாதீர்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுவது நம் டிரைவர்களின் பழைய பழக்கம். ஹைபிரிட்டில் இது நஷ்டம். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது. 'டி'-யிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், உருளும் வண்டியே பேட்டரியை ஏற்றும். சிக்னலிலும் அப்படித்தான், நியூட்ரல் வேண்டாம், 'டி'-யில் பிரேக் பிடித்து நில்லுங்கள்.

பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாகப் பிடியுங்கள். தூரத்தில் சிக்னலோ டோல்கேட்டோ தெரிந்தால் அங்கிருந்தே வேகத்தைக் குறையுங்கள். கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்தால் மின்சாரமாகத் திரும்ப வேண்டிய சக்தி டிஸ்க்கில் சூடாகப் போய்விடும்.

இ.வி மோடிலேயே ஓட்ட அடம்பிடிக்காதீர்கள். பேட்டரியில் இருக்கும் மின்சாரம் இலவசமாக வந்தது இல்லை. அதில் பெரும்பகுதி பெட்ரோல் எரித்து வந்ததுதான். இன்ஜின் ஓடக்கூடாது என்று ஊர்ந்து போனால், பிறகு பேட்டரியை ஏற்ற இன்ஜின் கூடுதலாக ஓடும். இயல்பாக வேகம் எடுத்து, தேவையான வேகம் வந்ததும் காலைத் தளர்த்துங்கள். மற்றதை காரே பார்த்துக்கொள்ளும்.

ஹைவேயில் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஹைபிரிட்டின் பெரிய லாபம் நகர நெரிசலில்தான். ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது இன்ஜின்தான் அதிகம் ஓடும். 80-லிருந்து 100 கி.மீ வேகத்துக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. 60 கி.மீ தூரத்தை 80-ல் கடக்க 45 நிமிடம், 100-ல் 36 நிமிடம். அந்த 9 நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் கொடுக்கிறோம் என்பதை இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தால் மீட்டரே காட்டிவிடும்.

மலைப்பாதையில் 'பி' மோடு. ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் இறக்கத்தில் சிறிது நேரத்திலேயே பேட்டரி நிரம்பிவிடும். அதன் பிறகு மோட்டாரால் சக்தியை வாங்கிக்கொள்ள முடியாது, முழுச் சுமையும் பிரேக்குக்குப் போகும். 'பி' இருக்கும் மாடல்களில் அதைப் போட்டால் இன்ஜினும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். சமவெளியில் 'பி' தேவையில்லை, மைலேஜ்தான் குறையும்.

சத்தம் இல்லை என்று மறந்துவிடாதீர்கள்

"ரெடி" எரியும்போது இன்ஜின் சத்தம் இல்லாததால் கார் ஆஃப் ஆகிவிட்டது என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். பேட்டரி இறங்கியதும் இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும். மூடிய ஷெட்டுக்குள் இப்படி நடந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு நிரம்பி உயிருக்கு ஆபத்து. அதேபோல் மூடிய இடத்தில் ஏசி போட்டு காருக்குள் தூங்கவே கூடாது. இறங்கும்முன் மீட்டர் அணைந்ததா என்று பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார், பழுதாகி நின்ற கார்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கியதைப் பார்த்தோம். ஹைபிரிட் காருக்குள் தண்ணீர் புகுந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சர்வீஸ் சென்டருக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சோதிக்கும் வரை காத்திருங்கள். உங்கள் காப்பீட்டில் தண்ணீர் சேதத்துக்கும் ஹைபிரிட் பேட்டரிக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. முன் சக்கரம் சுற்றினால் அதோடு மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாகும். காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள்.

பேட்டரி சோர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

எச்சரிக்கை விளக்கு வரும் முன்பே சில அறிகுறிகள் வரும்.

* மீட்டரில் சார்ஜ் கோடு சட்டென்று மேலே ஏறும், சட்டென்று கீழே இறங்கும்.
* சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் முன்பைவிட அடிக்கடி ஓடும்.
* பின் பக்கம் மின்விசிறிச் சத்தம் தொடர்ந்து கேட்கும்.
* அதே பாதை, அதே டயர், அதே வேகம், ஆனால் மைலேஜ் மாதாமாதம் குறையும்.

இதற்காகவே ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் கி.மீ-யும் லிட்டரும் செல்போனில் குறித்து வையுங்கள். பேட்டரியின் உடல்நிலையைச் சொல்லும் எளிய ரிப்போர்ட் இதுதான்.

இலங்கை ஓட்டுநர்கள் காட்டும் பாடம்

தமிழ்நாட்டில் ஸ்ட்ராங் ஹைபிரிட் பரவலானது 2022-க்குப் பிறகுதான். இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய பிரியஸ், ஆக்வா, வெசல் கார்கள் பல வருஷமாக ஓடுகின்றன. 2020-ல் வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. தனியார் கார்களுக்கு 2025-ல்தான் அது தளர்ந்தது. இடையில் இருக்கும் காரையே பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டிய நிலை.

அங்கே பேட்டரியைத் திறந்து, கெட்ட பகுதியை மட்டும் மாற்றித் தரும் கடைகள் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் பழைய பகுதிகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் மாற்றினால், சில மாதத்தில் பக்கத்தில் இருப்பது சோர்ந்துவிட வாய்ப்பு உண்டு. எல்லாவற்றையும் சோதித்து, ஒரே அளவு திறன் உள்ளவையாகச் சேர்த்து, எழுத்தில் வாரண்டி தருபவரிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

வாரண்டி முடியும் முன் செய்ய வேண்டிய 3 வேலைகள்

1. 1,50,000 கி.மீ-ல் ஒரு சோதனை. வாரண்டிக்கு இன்னும் 10,000 கி.மீ இருக்கும்போதே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஹைபிரிட் சிஸ்டம் ஹெல்த் செக் செய்து, ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்குங்கள். குறை தெரிந்தால் வாரண்டிக்குள்ளேயே கேட்டுவிடலாம். நீட்டிப்பு வாரண்டி கிடைக்குமா, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்பதை அதற்கும் முன்பே விசாரியுங்கள்.

2. சர்வீஸ் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வாரண்டி கேட்டுப் போனால் முதலில் பார்ப்பது சர்வீஸ் வரலாற்றைத்தான். நாளைக்கு விற்கும்போதும் அதுதான் விலையைக் காப்பாற்றும்.

3. கி.மீ-க்கு 50 பைசா எடுத்து வையுங்கள். ஒரு எடுத்துக்காட்டு. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 20 கி.மீ தரும் ஹைபிரிட்டுக்கு கி.மீ-க்கு 5 ரூபாய். 14 கி.மீ தரும் பெட்ரோல் காருக்கு சுமார் 7 ரூபாய் 14 பைசா. வருஷம் 36,000 கி.மீ-க்கு சுமார் 77,000 ரூபாய் மிச்சம். இதில் கி.மீ-க்கு 50 பைசா என்றால் மாதம் 1,500 ரூபாய்தான். தனிக் கணக்கில் போட்டு வந்தால், வாரண்டி முடியும் நாளில் கையில் கிட்டத்தட்ட 80,000 ரூபாய் இருக்கும். பேட்டரி விலை என்ன என்பதையும் சர்வீஸ் சென்டரில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஏற்ப 50 பைசாவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

அப்போ விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

ஹெல்த் செக் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, ஆயிலும் கூலன்ட்டும் நேரத்துக்கு மாற்றியிருக்கிறது, மைலேஜ் குறையவில்லை என்றால், வாரண்டி முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக விற்க வேண்டியதில்லை. டொயோட்டா வகை ஹைபிரிட்டில் வழக்கமான கிளட்ச் பிளேட், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் எதுவும் கிடையாது. அதிக கி.மீ ஓடும் கார்களில் வழக்கமாகச் செலவு வைக்கும் இந்த மூன்றும் இல்லாதது உங்களுக்கு லாபம்.

ரிப்போர்ட் சரியில்லை என்றால், வாரண்டி இருக்கும்போதே முடிவெடுங்கள். இன்றைக்கு வேலை முடிந்து வண்டியில் ஏறும்போது ஓடோமீட்டரைப் பாருங்கள். 1,60,000-லிருந்து அதைக் கழித்து, மாதம் ஓட்டும் கி.மீ-ஆல் வகுத்தால், உங்களுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து 8 வருஷம் அதற்கு முன்பே முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.